கோலம் நோட்டுக்கு வரட்டும்



விடிவதற்கு முன்னரே பெரட்டுக்குப் புறப்பட வேண்டிய வீடானாலும், வாசல் தெளித்து நாலு இழை கோலம் இழுக்காமல் நம் வீட்டுப் பெண்களுக்கு மனம் ஒப்புவதில்லை. வெயில் ஏறுவதற்குள் அதன்மேல் பிள்ளைகளின் கால் படும், மோட்டார் சைக்கிள் உருளும், கோழி கிளறும். மத்தியானத்துக்குள் கோலம் இருந்த இடமே தெரியாது. மறுநாள் விடிந்தால் வேறொரு கோலம். இப்படிப் பல ஆண்டுகள் போட்டுப் பழகிய ஒருவரைப் பார்த்து, "அம்மா, உங்களுக்குப் படம் வரைய வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். "நமக்கு அதெல்லாம் வராதுங்க வாத்தியாரே" என்றுதான் விடை வரும்.

அந்த விடை தவறானது. அது ஏன் தவறு என்பதையும், ஒரு பேனாவும் ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைத்தால் அந்தக் கை இன்னும் என்ன செய்யும் என்பதையும் இன்று பார்ப்போம்.

பேனாவால் அடுக்கடுக்காக வரையும் கோட்டுச் சித்திரம் என்று ஒன்று உண்டு. அதில் வண்ணம் வேண்டியதில்லை. முகம் சரியாக வந்ததா என்ற கவலையும் இல்லை. புள்ளி, நேர்கோடு, வளைவு, வட்டம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, ஓர் அமைப்பைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டே போவதுதான் அதன் வேலை. அமெரிக்காவில் ரிக் ராபர்ட்ஸ், மரியா தாமஸ் என்ற இருவர் இதனை ஒரு முறையாக ஒழுங்குபடுத்தி, 'சென்டாங்கிள்' என்று பெயரிட்டு, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு பல நாடுகளிலும் பரப்பினர். மூன்றரை அங்குலச் சதுரத் தாள். நான்கு மூலையிலும் நான்கு புள்ளி. அவற்றை இணைத்து ஓர் எல்லைக்கோடு. உள்ளே நூல் கிடப்பதுபோல் ஒரு வளைகோடு. அக்கோடு பிரித்த ஒவ்வோர் அறையிலும் ஒரு விதமான அடுக்கு. இவ்வளவுதான். புள்ளி வைத்து, இழை இழுத்து, அறை நிரப்பும் இந்த வேலையைக் கேட்டதும் நம் பெண்களுக்குச் சிரிப்பு வரலாம். 'இதைத்தானே நாம் நாள்தோறும் வாசலில் செய்கிறோம்' என்று தோன்றலாம். ஆம், கோலத்திற்கு இது நெருங்கிய உறவுதான்.

கோலம் வெறும் அலங்காரம் அன்று. அதற்குள் கணக்கு இருக்கிறது. சென்னையை அடுத்த தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி என்ற அறிஞரும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1974-ஆம் ஆண்டிலேயே கோலத்தைக் கணினி இயலோடு இணைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு படத்தைக் கணினிக்கு விதிகளால் எப்படி விளக்குவது என்று தேடியவர்களுக்கு நம் வாசற்கோலம் பாடமாயிற்று.

நீங்களும் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். வரிசைக்கு மூன்று புள்ளியாக இரண்டு வரிசை வையுங்கள். சிக்குக் கோலம் போல இழை இழுங்கள். பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவிலும், மேல்கீழ்ப் புள்ளிகள் இரண்டுக்கு நடுவிலும் இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் செல்ல வேண்டும். ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்ப வேண்டும். கையை எடுக்காமலே ஆறு புள்ளிகளையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வீர்கள். அடுத்து, வரிசைக்கு இரண்டாக இரண்டு வரிசை வையுங்கள். இப்போது ஓர் இழை போதாது, இரண்டு வேண்டும். மும்மூன்றாக மூன்று வரிசை வைத்தால் மூன்று இழை. நந்நான்காக மூன்று வரிசை வைத்தால் மீண்டும் ஒரே இழை!

இதற்குக் காரணம் என்ன? எத்தனை வரிசை, வரிசைக்கு எத்தனை புள்ளி என்ற இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை இழை தேவைப்படும். பள்ளிக்கூடத்தில் மீப்பெரு பொதுவகுத்தி என்று பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டு படிக்கிறார்களே, அதே கணக்குத்தான். அம்மாவின் கோலத்தைக் காட்டிச் சொன்னால் அது எளிதில் மனத்தில் பதியும்.

இவ்வளவு அறிவும் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கையிலும் நினைவிலுமே இருக்கிறது. எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி இருந்தார்கள். மார்கழி வந்தால் பதினைந்து புள்ளிக் கோலத்தை எதையும் பார்க்காமல், யாருடனோ பேசிக்கொண்டே போட்டு முடிப்பார்கள். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வாங்க வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். பொங்கலுக்குப் பொங்கல் தள்ளிப்போட்டோம். பாட்டி போய்ச் சேர்ந்த ஆண்டு மார்கழியில், அவர்களுடைய பேத்தி பாதிக் கோலம் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். மீதி இழை எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல லயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

மண்வாசலும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது. தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபோனவர்கள் பலர். அங்கே கோலத்தை எங்கே போடுவது?

இக்கேள்விக்கு விடை காணச் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அந்த ஊரில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். கதவைத் திறந்தால் பொது நடைபாதை. சாணம் தெளிக்க மண் இல்லை. ஆயினும் கோலம் அங்கே சாகவில்லை, தரையை மாற்றிக்கொண்டது. விஜயலட்சுமி மோகன் என்ற அம்மையார் 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வாம்போ சமூக மன்றத்தில் 2,756 சதுர அடிப் பரப்பில் ரங்கோலி போட்டார். அந்நாளில் அது உலகச் சாதனை. 2023-ஆம் ஆண்டு பொங்கலையொட்டி, சுதா ரவி என்பவரும் அவர் மகளும் லிட்டில் இந்தியாவில் 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொண்டே 6 மீட்டர் சதுரத்தில் ஒரு ரங்கோலி அமைத்தார்கள். கோலமாவு இல்லாவிட்டால் குச்சி; மண் இல்லாவிட்டால் பலகை. அவ்வாறே தாளும் ஒரு தரைதான். அதில் போட்ட கோலத்தைக் கோழி கிளறாது.

நம்மில் பலர் பண்டிகைக்குப் புடவை எடுக்கவோ, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கவோ தேக்காவுக்குப் போய் வருகிறோம். அடுத்த முறை போகும்போது ஒரு சிறு நோட்டையும் பேனாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தைக் கண்டதும் முழுவதையும் வரைய முற்பட வேண்டாம். அது பழகியவரையே மலைக்க வைக்கும். ஒரு தூணின் விளிம்பு போதும். கெம்பல் லேன் பக்கம் மாலை கட்டும் கடையில் நின்று பாருங்கள். நாலு மல்லிகை, ஒரு ரோஜா, மீண்டும் நாலு மல்லிகை. மாலை என்பதே திரும்பத் திரும்ப வரும் ஓர் அமைப்பு அல்லவா? அதை ஐந்து நிமிடத்தில் வரைந்துவிடலாம்.

கெர்பாவ் சாலை 37-ஆம் எண்ணில் தான் தெங் நியா என்ற சீனச் செல்வரின் பழைய வீடு இருக்கிறது. 1900-ஆம் ஆண்டில் கட்டியது. எட்டு அறைகள் கொண்டது. கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை என்பதை நாம் அறிவோம். அங்கே ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்ததை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது. பல வண்ணம் பூசிய அவ்வீட்டின் பலகணிகளைக் கறுப்புப் பேனாவால் வரைந்தால், வண்ணம் மறைந்து கோடுகளின் ஒழுங்கு மட்டும் தெளிவாகத் தெரியும். டன்லப் தெருவில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் வாயில்மேல் சூரியனைப் போன்ற ஓர் அலங்காரம். அதில் 25 கதிர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில் அமைந்திருக்கிறது. இன்னும் சற்றுத் தள்ளிப் பெடெய்ன் சாலைக்குப் போனால், 1930-ஆம் ஆண்டளவில் கட்டிய வீட்டு வரிசையில் பூவோடுகள் பதித்திருப்பதைக் காணலாம். கோயில், சீனர் வீடு, பள்ளிவாசல், பூவோடு எல்லாவற்றிலும் கோலத்தைப் போலவே ஓர் அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. வரைந்து பார்க்கிறவருக்கே இந்த ஒற்றுமை நன்கு விளங்கும்.

இப்படி ஊரை நடந்து வரைபவர்களுக்கு அங்கே ஒரு கூட்டமே உண்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் கேப்ரியேல் கம்பனாரியோ என்ற பத்திரிகைச் சித்திரக்காரர் 2007-இல் தொடங்கிய இயக்கத்தைத் தழுவி, தியா பூன் சிம் என்ற அம்மையார் 2009-இல் சிங்கப்பூர்க் கிளையைத் தொடங்கினார். 2015-ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வியக்கத்தின் உலகக் கூட்டமும் சிங்கப்பூரில் நடைபெற்றது. வரைவதையே தொழிலாகக் கொண்டவர்களும், பொழுதுபோக்காக வரைபவர்களும் தெருவோரத்தில் ஒன்றாக அமர்ந்து வரைகிறார்கள்.

நம் கைக்கு மற்றொரு பயிற்சியும் இருக்கிறது. பால்மரம் வெட்டுகிறவர் ஒரு வெட்டுக்குச் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைத்தான் சீவுகிறார். ஆழம் மிகுந்தால் மரம் காயப்படும். குறைந்தால் பால் வராது. சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்தில் 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டார். மீன்முள் போன்ற வரிசையில் அமைந்தன அந்த வெட்டுகள். மீன்முள் கோடு இன்றும் பேனாச் சித்திரத்தில் முதலில் பழகும் அமைப்புகளில் ஒன்று. அரையிருட்டில் மரத்தில் நேர்த்தியாகக் கோடு இழுக்கும் கைக்குத் தாளில் இழுப்பதா கடினம்?

பால்மரத்தைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்லிவிடுவோம். ஆங்கிலத்தில் ரப்பர் என்ற பெயர் வந்ததே, அந்தப் பொருள் பென்சில் கோட்டைத் தேய்த்து அழித்ததால்தான். 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர் இப்பயனைக் குறித்து வைத்தார். நம் தோட்டத்துப் பொருள்தான். இருந்தாலும் பேனாச் சித்திரத்தில் அதைச் சற்றுத் தள்ளியே வையுங்கள். பிள்ளைகள் ஒரு கோடு போட்டு மூன்று முறை அழிப்பதை வகுப்பில் பார்க்கிறோம். தாள் கிழிகிறது, படம் வளர்வதில்லை. பேனாவில் கோடு தவறினால் அதன் பக்கத்தில் இன்னொரு கோடு போடுங்கள். தவறே ஓர் அமைப்பாகிவிடும். வாசலில் இழை பிசகினால் அம்மா கோலத்தை நிறுத்துகிறாரா? அந்த இடத்தில் ஒரு பூ வைத்து மூடிவிடுகிறார்.

இனி, தொடங்கும் வழி. விலையுயர்ந்த தாள் வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட நோட்டு மிகவும் ஏற்றது, புள்ளி வைக்க அளவு பார்க்க வேண்டியதில்லை. சாதாரணப் பால்பாயிண்ட் பேனா போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம், ஒரு பக்கம். இடப்பக்கத்தில் அன்று போட்ட கோலம், அல்லது மாமியாரோ அண்டை வீட்டு அக்காவோ சொல்லித் தந்த கோலம். புள்ளி எத்தனை, நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா, யார் சொன்னது, எந்தத் தேதி என்று அடியில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் அன்று கண்ட ஒரு பொருள்: செம்பனைக் குலை, பின்னிய கூடை, பாயின் ஓரம். அதன் கோடுகளைக் கட்டத்துக்குள் நிரப்புங்கள். அழகாக வரவில்லையே என்று தாளைக் கிழிக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

வீட்டில் வயதானவர் இருந்தால் இன்றே பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரலால் காட்டட்டும். பிள்ளை பேனாவால் போடட்டும். பாட்டி தவறைத் திருத்துவார். பேரப்பிள்ளை கணக்கைச் சொல்லும். நாங்கள் தள்ளிப்போட்டதைப் போல நீங்களும் அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.