அடிபட்டவருக்காக ஒரு சாஸ்திரம்

புதுக்கோட்டையில் எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் அறிந்த ஸ்தாபனங்களில் பார்ஸ்டல் பள்ளியும் ஒன்று. குற்றம் செய்த இளைஞர்களைப் பழைய கைதிகளோடு சேர்த்துக் கெட்டுப்போக விடாமல், தொழிலும் ஒழுக்கமும் கற்பித்துத் திருத்துவது அதன் நோக்கம். இங்கிலாந்தில் கெண்ட் பிரதேசத்துக் கிராமம் ஒன்றின் பெயர் அது. 1902-ல் அங்கே தொடங்கிய முறையைத் தழுவிச் சென்னை மாகாணத்தில் 1925-ஆம் வருஷத்துச் சட்டம் ஏற்பட்டது.

ஒரு நாள் இந்தப் பள்ளியின் பெருமையை நான் பேசிக்கொண்டிருக்கையில், எங்கள் தெருவிலுள்ள ஒரு மூதாட்டி குறுக்கிட்டாள். மகனைக் கொலைக்குப் பறிகொடுத்தவள் அவள்.

"வாத்தியாரையா, தப்புச் செஞ்ச பிள்ளைக்குச் சோறு போட்டுத் தொழிலும் சொல்லிக் கொடுக்கிறாங்க. நல்ல காரியந்தான். எம் பேரப் பிள்ளைக்கு யாரு சோறு போடுவா?"

பட்டதாரியான எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை.

இதே கேள்வியைத் தமது வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் உண்டு. அவர்தான் பேராசிரியர் கே. சொக்கலிங்கம். சென்னைச் சர்வகலாசாலையில் குற்றவியல் துறைக்குத் தலைமை வகித்தவர். குற்றவாளி ஏன் குற்றம் செய்கிறான் என்பதே அத்துறையின் பழைய ஆராய்ச்சி. குற்றத்துக்கு ஆளானவரோ, நியாயஸ்தலத்தில் சாட்சிக் கூண்டேறி இறங்குவதோடு மறக்கப்பட்டார். இந்தக் குறையைப் போக்க எழுந்ததே பாதிக்கப்பட்டோரியல். 1973-ல் ஜெருசலேம் நகரில் இதற்கென முதல் சர்வதேச மகாநாடு கூடியது. 1985-ல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பாதிக்கப்பட்டோரின் நீதிக்கான பிரகடனத்தை வெளியிட்டது.

1992-ல் இந்தியப் பாதிக்கப்பட்டோரியல் சங்கம் தோன்றியபோது அதை முன்னின்று ஸ்தாபித்தவர் சொக்கலிங்கம். உதவிக்கான மசோதா ஒன்றைத் தயாரித்து மத்திய சர்க்காரிடம் அளித்தது அச்சங்கம். மசோதா சட்டமாகவில்லை. ஆயினும் கேள்வி ஓயவில்லை. பின்னர் அவர் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் சர்வகலாசாலையின் துணைவேந்தரானார். அதன்பின் ஜப்பானில் மீட்டோ நகரத்து டோக்கிவா சர்வகலாசாலையில் இதே சாஸ்திரத்தைப் போதித்தார். தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் கடல் கடந்து பாடம் சொல்லப் போனது நமக்கெல்லாம் பெருமையல்லவா?

2008-ஆம் வருஷத்துத் திருத்தத்தின் மூலம் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ பிரிவு சேர்ந்தது. நஷ்டஈட்டுக்கு ஒவ்வொரு ராஜ்யமும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது அது. குற்றவாளி அகப்படாவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவரோ விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டத்திலும் 396-ஆம் பிரிவாக இவ்வுரிமை நிலைத்திருக்கிறது. இது ஒருவருடைய முயற்சியின் பலனன்று. பலர் சேர்ந்து இழுத்த தேர். வடம் பிடித்தவர்களில் நம்மவரும் ஒருவர்.

இதையறிந்ததும் அந்த மூதாட்டியை அழைத்துக்கொண்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். விண்ணப்பம் எழுதியவன் நான். அவள் கைநாட்டு வைத்தாள். போன மகனைப் பணம் திருப்பித் தராது. ஆனால் அவள் கேள்வி முதல் முறையாக ஒரு காகிதத்தில் ஏறியது.

நேயர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு தாய் இருக்கலாம். படித்தவர்கள் அவளுக்காக ஒரு மனு எழுதிக் கொடுக்கக் கூடாதா?