டீச்சரிடம் என்ன கேட்கலாம்?

திண்டுக்கல்லுக்கு வடக்கே, சௌந்தரராஜப் பெருமாள் கோயிலால் பேர் பெற்ற ஊர் தாடிக்கொம்பு. அங்கே அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை, தமிழ்ப் பாடத்தை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா இருவருக்கும் மில்லில் ஷிஃப்ட் வேலை. "போய்க் கேட்டா டீச்சர் தப்பா நினைப்பாங்களோ" என்ற தயக்கத்திலேயே வருஷம் ஓடிவிடும். ஆறாம் வகுப்பில் பாடச்சுமை கூடும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு அறிவியலும் புரியாது, கணக்குக் கேள்வியும் புரியாது. பிறகு "எனக்குப் படிப்பு ஏறல" என்று அதுவே முடிவு கட்டிவிடும்.

ஆகவே தயங்காமல் கேளுங்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 24-இல் ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. தவறாமல் நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தை உரிய காலத்தில் முடிப்பது மட்டுமல்ல; ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லித்தருவதும் அதில் அடங்கும். பெற்றோரை அழைத்து வருகை, படிப்பு பற்றிப் பேசுவதும் கடமைதான். "அப்போ டியூஷன் வைக்கணுமா?" வேண்டாம். ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கப் பிரிவு 28 தடை விதிக்கிறது.

அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் பிரிவு 17 தடை செய்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று நாமே சொல்லிவிட்டு வரும் பழக்கத்தையும் இனி விட்டுவிடலாம்.

ஆசிரியர் பக்க நியாயமும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவை தவிர வேறு கல்விசாரா வேலைகளுக்கு அவரை அனுப்பக் கூடாது என்கிறது பிரிவு 27. கணக்கெடுக்க வீட்டுக்கு வரும் டீச்சரைத் திரும்பத் திரும்ப அலைய விடாதீர்கள். அது உங்கள் பிள்ளையின் வகுப்பு நேரமாகவும் இருக்கலாம்.

முதலில் வகுப்பு ஆசிரியர், அடுத்துத் தலைமை ஆசிரியர். அதற்கும் மேல் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்கு ஒருவராவது போய்வாருங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்குத் துன்பம், தொல்லை என்றால் 1098.

சிம் மாற்றினால் புது நம்பரை வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளிப் பதிவில் பழைய நம்பரே இருந்தால், பிள்ளை வரவில்லை என்று அவர் கூப்பிட்டாலும் உங்களுக்கு வராது.