ஐந்தாவது போட்டியில் இறங்காத கிங்

அமெரிக்கப் பல்கலைக்கழக உதைபந்தாட்டத்தில் (பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டம் அது) ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் ஆடலாம் என்று விதி இருந்தது. ஒதுங்கியிருக்கும் ஆண்டை 'ரெட்சேர்ட்' என்பார்கள். பெரும்பாலும் புதுமுகங்களுக்கே அது. 2018இல் விதி தளர்ந்தது: நான்கு போட்டிகள் வரை ஆடினாலும் அந்தப் பருவம் கணக்கில் வராது என்றானது.

2019இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் இறுதியாண்டு வீரர் டெரிக் கிங், நான்கு போட்டிகளோடு நிறுத்திக்கொண்டார். அணி அவற்றில் மூன்றில் தோற்றிருந்தது. அடுத்த பருவம் அவர் மயாமி பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்.

எனக்கு அவரை ஏசத் தோன்றவில்லை. பயிற்றுநர்களுக்குச் சம்பளம் கோடிக்கணக்கில்; மாணவருக்கு அன்று புலமைப்பரிசில் மட்டுமே. அவர் கையிலிருந்தது அந்த ஓர் ஆண்டுதான். ஆனால் மிகுதி எட்டுப் போட்டிகளையும் அவரில்லாமல் ஆடிய, அதுவே கடைசிப் பருவமான தோழர்களிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.