விற்பனைக்கு வைக்கும் வீடு

குடியிருக்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. இல், மனை, வீடு என்பன அவற்றுட் சில. இல் என்பது இல்லாளைத் தந்தது. மனை என்பது மனைவியைத் தந்தது. வீடு என்பதோ ‘விடு’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். நாற்பொருள்களுள் ஒன்றாகிய வீடுபேற்றுக்கும் அதுவே பெயர். குடியிருப்பின் பெயருக்குள்ளேயே விடுதல் என்னும் பொருள் அமைந்திருத்தல் எண்ணத்தக்கது. வீட்டை விற்க முனைவார் முதலிற் செய்ய வேண்டுவதும் அதுவே. ‘நம் வீடு’ என்னும் பற்றைச் சற்றே விட்டு, வாங்க வருவாரின் கண்கொண்டு அதனை நோக்குதல் வேண்டும்.

விற்குமுன் வீட்டை ஒழுங்கு செய்து காட்டுதல் மேலைநாட்டில் ஒரு தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. 1970களில் அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் இதனைப் பரப்பியவர் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்னும் அம்மையார். நாடக மேடையை ஒழுங்குபடுத்துவது போன்றது என்னும் கருத்தில் இதற்கு ‘மேடையமைப்பு’ என்னும் பொருள்படப் பெயரும் வழங்கலாயிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளை மறுவிற்பனை செய்ய 1971 முதல் இடமளித்துவரும் சிங்கப்பூரிலும் இத்தொழில் இன்று நடைபெறுகின்றது. ஆயினும், மேடை என்றவுடன் ஓர் ஐயம் எழும். காட்டப்படுவது மெய்யா, வேடமா? செம்மை செய்தல் வேறு. மூடி மறைத்தல் வேறு. இவ்விரண்டின் எல்லையை அறிதல் விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் ஒருங்கே நன்மை தரும்.

செம்மை செய்தல்

செம்மை செய்தலுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பயன்படாத அறைகலன்களை அகற்றினால் அறையின் உண்மையான அளவு புலப்படும். சன்னல் திரைகளை விலக்கினால் வெளிச்சமும் காற்றும் வரும். நாள்தோறும் தாளிக்கும் அடுக்களையின் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். அங்கேயே வாழ்வார்க்கு அது கண்ணிற் படுவதில்லை. புதிதாய் வருவார் வாயிலிலேயே அதன் மணத்தை உணர்வர். வெளியே செருப்புத் தட்டும் பூச்சட்டியும் நெருங்கிக் கிடந்தால் அவற்றையும் ஒதுக்குதல் வேண்டும். பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது தீத்தடுப்பு விதியுமாகும்.

பூசை மாடத்தையும் குடும்பப் படங்களையும் எடுத்துவிடல் வேண்டுமா என்று தமிழ்க் குடும்பத்தார் தயங்குவதுண்டு. மறைக்க வேண்டிய குறை எதுவும் அவற்றில் இல்லை. எனினும், வருபவர் அவ்விடத்தில் தம் வாழ்வைக் கற்பனை செய்து பார்க்க இடம் வேண்டுமன்றோ? அதற்கெனச் சிலவற்றை முன்னரே கட்டி வைப்பது, எப்படியும் நிகழவிருக்கும் இடமாற்றத்தின் முதற்படியேயாம்.

மூடி மறைத்தல்

பழைய அடுக்குமாடி வீடுகளில், குளியலறைக் கூரையின் கற்காரை உதிர்வதைக் காணலாம். காலப்போக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு கற்காரையுட் புகுந்து அதன் காரத்தன்மையைக் குறைக்கின்றது. அதனால் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி தன் காப்பை இழந்து துருப்பிடிக்கின்றது. துரு, இரும்பினும் மிகுதியான இடத்தை அடைப்பது. ஆதலின் அது சுற்றியுள்ள கற்காரையைப் பிளந்து தள்ளுகின்றது. இதன்மேல் வண்ணம் பூசினால் வெடிப்பு சில திங்கள் மறையும். துருவோ உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். உதிரும் பகுதியைக் கொத்தி நீக்கி, கம்பியின் துருவைப் போக்கிக் காப்புப் பூசி, அதன்பின் காரையிடுதலே முறை. மேல்வீட்டுக் கசிவும் இத்தகையதே. கசிவை நிறுத்தாது கறையை மட்டும் மறைத்தல் வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

விலையும் மதிப்பும்

அழகு விலையை எவ்வளவு உயர்த்தும்? சிங்கப்பூரில் 2014 முதல், இருவரும் விலை பேசி முடித்த பின்னரே கழகத்திடம் வீட்டின் மதிப்பு கேட்கப்படுகின்றது. பேசிய விலை அம்மதிப்பினும் மிகுமாயின், மிகுதியை வாங்குபவர் ரொக்கமாகவே தரல் வேண்டும். கடனோ மத்திய சேம நிதியோ அதற்கு உதவா. ஆகவே, மேடையமைப்பின் கவர்ச்சியால் ஏறிய விலை ஓர் இளங்குடும்பத்தின் கைச்சேமிப்பினின்றே வருதல் கூடும்.

வண்ணமும் விளக்கும் மாற்றவியலாதனவும் உள. 1989 முதல் நடப்பிலுள்ள இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, ஒரு கட்டடத்தில் சீனர் விகிதம் வரம்பை எட்டியிருப்பின், அங்குள்ள இந்தியர் தம் வீட்டைச் சீனர்க்கு விற்றல் இயலாது. வாங்குவோர் தொகை சுருங்க, விற்பனை நீட்டிப்பதும் விலை தாழ்வதும் உண்டு. இத்தகைய இடர்ப்பாட்டில், தகுதியுடைய உரிமையாளரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல் வந்தது. இந்நிலையிலுள்ளார் அலங்காரத்திற்குப் பெருஞ்செலவு செய்யுமுன், தம் கட்டடத்தின் விகித நிலையைக் கழகத்தின் இணையப் பக்கத்திற் பார்த்தறிதல் நன்று.

பழுதைச் சீர்செய்து, மிகையை அகற்றி, உள்ளதைத் தெளிவாகக் காட்டுவதே செம்மை. அவ்வாறு விற்ற வீட்டில் குடிபுகுவோர், முதல் மழைக்காலத்திலும் விற்றவரை நல்ல சொல்லாலேயே நினைப்பர்.