வேலி கோணினால் மரம் வீண்

புதிய பட்டை ரம்பத்தை வாங்கப் பணம் போதும். அதன் 'ஃபென்ஸை' நேராக்கப் பொறுமை வேண்டும். மரவேலைப் பட்டறையின் லாபமும் நஷ்டமும் அந்த ஒரு மணி நேரப் பொறுமையில்தான் இருக்கின்றன.

பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. இயந்திரம் பளபளவென்று நிமிர்ந்து நிற்கிறது. மின் இணைப்பும் தயார். உடனே ஒரு கட்டையை எடுத்து அறுத்துப் பார்க்கக் கை பரபரக்கிறது. புதிய பட்டை ரம்பம் வந்து இறங்கும் எந்தப் பட்டறையிலும் காணக்கூடிய காட்சி இது. அனுபவசாலி மட்டும் சுவிட்ச் பக்கம் போக மாட்டார். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு மூலைமட்டத்தையும் ஸ்பானரையும் தேடுவார்.

உத்தரப் பிரதேசத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் சஹாரன்பூர், மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் போன ஊர். புகழெல்லாம் உளி பிடிக்கும் கைக்குத்தான். ஆனால் உளிக்கு முன்பே மரத்தைத் தொட்டுவிடுகிறது ரம்பம். அது செய்யும் தவறை எந்த உஸ்தாத்தின் உளியாலும் திருத்த முடியாது.

அதிலும் இங்கே பெரிதும் புழங்கும் சீஷம், அள்ளிக் கொட்டி அறுக்கும் சரக்கு அல்ல. ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவான இது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்ஸ்' ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரியில் சேர்ந்தது. ஏற்றுமதியாளர்கள் தவித்துப் போனார்கள். ஒவ்வொரு பொருளும் 10 கிலோவுக்குள் இருந்தால், எத்தனை பொருள்களையும் ஒரே சரக்காக அனுப்பலாம் என்ற தெளிவு 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த மாநாட்டில்தான் பிறந்தது. இப்படிப்பட்ட மரத்தைத் தூளாக்கிக் கூட்டித் தள்ள யாருக்கு மனம் வரும்?

பட்டை ரம்பத்தின் பெருமையே சிக்கனம்தான். 75 மி.மீ. கனமுள்ள ஒரு கட்டையை 3 மி.மீ. பலகைகளாகப் பிளக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வெட்டிலும் 3 மி.மீ. தின்னும் வட்ட ரம்பத்தில் கிடைப்பது 13 பலகைகள். ஒன்றரை மி.மீ. மட்டுமே தின்னும் பட்டை ரம்பத்தில் 17. நான்கு பலகைகள் கூடுதல்.

ஆனால் வெட்டு கோணலாகி, இழைத்துச் சீராக்குவதற்காகப் பலகைக்கு ஒரு மி.மீ. சேர்த்து அறுக்க வேண்டி வந்தால்? கணக்கு மீண்டும் 13-இல் வந்து நிற்கும். பட்டை ரம்பம் வாங்கிய பயனே போயிற்று.

இங்கேதான் 'ஃபென்ஸ்' வருகிறது. வேலி என்று பொருள் தரும் இந்தச் சட்டம், மேசைமேல் நின்று, கட்டையைச் சாய்த்துத் தள்ளத் துணை தருகிறது. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இந்த வேலி காப்பது வெட்டை, விரலை அல்ல. விரலைக் காக்கப் பிளேடின் மேல்மூடியைக் கட்டையின் முதுகுவரை இறக்க வேண்டும். கடைசித் தள்ளலுக்குக் கையை விட்டுத் தள்ளுகோலை எடுக்க வேண்டும்.

ஃபென்ஸைப் பொருத்தும் முன் பிளேடைச் சரி பார்த்தாக வேண்டும். பிளேடை முறுக்கேற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றி, அது நழுவாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது முதல் படி. பிளேடுக்கும் மேசைக்கும் இடையே மூலைமட்டத்தை வைத்துச் செங்கோணம் பார்ப்பது அடுத்தது. பிளேடின் இருபக்கத் தாங்கிகளில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி போதும்.

பிறகு முன்தண்டவாளம். அதன் போல்ட்டுகளை முதலில் விரலால் மட்டுமே திருகி, மேசை விளிம்புக்கு இணையாக்கிய பின்பு ஸ்பானர் போட வேண்டும். அதில் ஏறும் ஃபென்ஸ் மேசையை உரசவும் கூடாது. மெல்லிய பலகை அடியில் நுழையும் அளவுக்குத் தூக்கி நிற்கவும் கூடாது. அது மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதைப் பூட்டை இறுக்கிய பிறகே பார்க்க வேண்டும். இறுக்கும்போதுதான் பல ஃபென்ஸ்கள் மெல்ல நகர்கின்றன.

இதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். மேசையில் உள்ள பள்ளத்துக்கு இணையாக ஃபென்ஸை வைத்துவிட்டு அறுக்கத் தொடங்குவார்கள். பிளேடோ வேறு வழியில் போகும். கட்டை ஃபென்ஸை விட்டு விலகும், அல்லது ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே இறுகும். பிளேடு சூடாகி வளையும். பலகையின் நடுவில் வயிறு விழும்.

காரணம், பட்டை ரம்பத்தின் பிறவிக் குணம். 1808-இல் லண்டனில் வில்லியம் நியூபெரி காப்புரிமை பெற்ற இந்த ரம்பம், பிளேடு அடிக்கடி அறுந்ததால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்தது. 1846-இல் ஆன் போலீன் கிரெபேன் என்ற பிரெஞ்சுப் பெண்மணி, பட்டையின் முனைகளைப் பற்றவைத்து இணைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே விடிவு பிறந்தது. வளையும் மெல்லிய பட்டை என்பதால் பற்களின் கூர்மை ஒரு பக்கம் சற்று மிகுந்தாலும் போதும், அது அந்தப் பக்கம் சாயும்.

அந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விளிம்பு நேரான ஒரு பலகையில் விளிம்புக்கு இணையாகப் பென்சிலால் ஒரு கோடு. ஃபென்ஸை ஒதுக்கிவிட்டு, கோடு தவறாமல் கையால் தள்ளிப் பாதிவரை அறுக்க வேண்டும். கோட்டைப் பிடிக்கக் கை பலகையை எந்தப் பக்கம் திருப்புகிறதோ, அதுதான் பிளேடின் வழி. பலகையை அசைக்காமல் இயந்திரத்தை நிறுத்தி, அதன் விளிம்பை மேசையில் கோடாக இழுத்துக்கொண்டு, ஃபென்ஸை அந்தக் கோட்டுக்கு இணையாக்கினால் போதும்.

இன்னொரு கட்சியும் உண்டு. ஃபென்ஸை ஏன் திருப்ப வேண்டும், பிளேடையே வழிக்குக் கொண்டுவரலாமே என்பது அவர்கள் வாதம். மேல்சக்கரத்தின் சாய்வுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பிளேடு சக்கரத்தில் ஓடும் இடத்தை மாற்றினால் சாய்வு மறையும் என்கிறார்கள். இதுவும் பலிக்கும். எந்த வழியில் போனாலும் பிளேடை மாற்றினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

ஃபென்ஸ் ஒரே ஒரு பாகை தவறினாலும் 600 மி.மீ. நீளத்தில் வழி விலகுவது பத்து மி.மீ.க்கு மேல். கண்ணுக்குத் தெரியாத கோணம், கட்டைக்கு நன்றாகவே தெரிந்துவிடும்.

கடைசிச் சோதனைக்கு விறகுக்குப் போகும் ஒரு கட்டை போதும். ஃபென்ஸில் சாய்த்து ஒரு பலகை அறுத்து, இரு முனைகளிலும் நடுவிலும் வெர்னியர் வைத்துப் பார்க்கலாம். மூன்றும் ஒத்துப்போனால் சீஷத்தை எடுக்கலாம். ஒத்துப்போகாவிட்டால் ஸ்பானரை எடுக்க வேண்டும். ஏனென்றால், விறகுக் கட்டை கெட்டால் அடுப்பு இருக்கிறது.