சிகாகோ: ஒன்பதாம் வகுப்பைக் கவனித்த நகரம்

நம் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு போல ஒரே நாளில் தலைவிதியை எழுதும் தேர்வு அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் கிடையாது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளில் இத்தனை பாடங்களில் தேற வேண்டும் என்று கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘கிரெடிட்’. போதுமானவை சேர்ந்தால் பள்ளியே சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிகாகோ மாநகரப் பள்ளிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்தச் சான்றிதழ் இல்லாமலே வெளியேறினார்கள். வறுமை, உடைந்த குடும்பம், தெருச் சண்டை, எட்டாம் வகுப்பு வரை விட்டுப்போன படிப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. எதுவும் பொய்யில்லை. ஆனால் அவற்றில் எதையும் ஒரு தலைமையாசிரியரோ ஒரு தொண்டு அமைப்போ இந்தக் கல்வியாண்டுக்குள் மாற்றிவிட முடியாது. அக்கறை உள்ளவர்கள் கைபிசைந்து நின்றதற்கு அதுதான் காரணம்.

2005-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் பள்ளி ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கை அந்த முட்டுக்கட்டையை உடைத்தது. எலைன் ஆலன்ஸ்வொர்த்தும் ஜான் ஈஸ்டனும் எழுதிய அதில் கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். ஒன்பதாம் வகுப்பு முடிவில் மாணவரிடம் ஐந்து முழு ஆண்டுப் பாடங்களுக்கான கிரெடிட் இருக்கிறதா? ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆகியவற்றில் மொத்தமாக ஒரு செமஸ்டர் பாடத்துக்கு மேல் பெயில் ஆகாமல் இருக்கிறாரா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் நான்கு ஆண்டில் படிப்பை முடித்தவர்கள் 81 சதவீதம். இல்லையென்றால் 22 சதவீதம். முந்தைய தேர்வு மதிப்பெண், இனம், குடும்ப வருமானம் எதுவும் இவ்வளவு சரியாக முடிவைச் சொல்லவில்லை. 2007-இல் வந்த அடுத்த அறிக்கை வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தது. நல்ல மதிப்பெண்ணோடு வந்து செமஸ்டருக்கு இரண்டு வாரம் மட்டம் போடும் பிள்ளை, குறைந்த மதிப்பெண்ணோடு வந்து ஒழுங்காக வகுப்பில் உட்காரும் பிள்ளையைவிட அதிகப் பாடங்களில் பெயிலாகிறது என்று அது காட்டியது.

இதனால் வேலையின் அளவு சுருங்கியது. என் பார்வையில் அதுவே பெரிய லாபம். ‘வறுமையை ஒழி’ என்பதை வைத்து யாரும் திங்கட்கிழமை காலை வேலை தொடங்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்கள் செமஸ்டரின் நடுவிலேயே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வழுக்கத் தொடங்கிய பிள்ளைகளின் பட்டியலைப் பெயர் பெயராகப் பார்க்க முடியும். அப்போது தெரிபவை பல நேரம் சின்ன விஷயங்கள். நான்கு வீட்டுப்பாடங்களில் 70 வாங்கிய பிள்ளை ஐந்தாவதைக் கொடுக்காமல் விட்டால், அந்தப் பூஜ்யம் சராசரியை 56-க்கு இழுத்துவிடும். 60-க்குக் கீழே பெயில் என்று வைத்திருக்கும் பள்ளியில் கதை முடிந்தது. அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்க அன்று ஐந்து நிமிடம் போதும். பெயிலான பிறகு கோடை விடுமுறையே கரையும். இப்படித் தடம் மாறாமல் ஒன்பதாம் வகுப்பைக் கடந்தவர்கள் 2007-இல் 57 சதவீதம், 2013-இல் 82 சதவீதம்.

பள்ளிக்கு வெளியே இருந்து வரும் உதவிக்கும் இந்தக் குறுகல் தேவை. சிகாகோவின் ‘யூத் கைடன்ஸ்’ அமைப்பு நடத்தும் ‘பிகமிங் எ மேன்’ திட்டத்தில் ஆண் பிள்ளைகள் வாரம் ஒருமுறை பள்ளி நேரத்திலேயே ஆற்றுப்படுத்துநரோடு குழுவாக உட்காருகிறார்கள். கோபம் வந்ததும் கை ஓங்குவதற்கு முன் ஒரு கணம் நிதானிப்பதுதான் அங்கே பயிற்சி. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய முதல் ஆய்வில் படிப்பை முடிப்போர் விகிதம் 12 முதல் 19 சதவீதம் கூடியது. இன்னொரு பக்கம், நாடெங்கும் இயங்கும் ‘கம்யூனிட்டீஸ் இன் ஸ்கூல்ஸ்’ அமைப்பு மாணவர்களைத் தனித்தனியாகக் கவனிக்கும் தன் திட்டத்தையும் அதே முறையில் சோதிக்கக் கொடுத்தது. 2017-இல் வந்த முடிவு: உறவுகள் மேம்பட்டன, வருகையும் பாடத் தேர்ச்சியும் மேம்படவில்லை. அப்படியொரு சோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். எதை மாற்றப் போகிறோம் என்பது கூர்மையாக இல்லாதபோது அன்பு மட்டும் மதிப்பெண் பட்டியலை எட்டுவதில்லை என்றே இதை நான் வாசிக்கிறேன்.

எண்ணைக் குறிவைத்தால் எண்ணைத்தானே வளைப்பார்கள் என்ற ஆட்சேபம் வெறும் சந்தேகமல்ல. இடைநின்றவர்களை ‘வேறு பள்ளிக்குப் போனவர்கள்’ என்று எழுதிவைத்ததைச் செய்தியாளர்கள் அம்பலப்படுத்த, 2015-இல் சிகாகோ நிர்வாகம் முந்தைய ஆண்டில் படிப்பை முடித்தோர் விகிதத்தை 69.4 சதவீதத்திலிருந்து 66.3 என்று திருத்தியது. தலைநகர் வாஷிங்டனில் இன்னும் மோசம்: 2017-இல் சான்றிதழ் பெற்றவர்களில் மூன்றில் ஒருவர் விதிப்படி பெற்றிருக்கவே கூடாது என்று விசாரணை சொன்னது. ஆனால் திருத்திய கணக்கிலும் சிகாகோவின் ஏற்றம் நிற்கிறது. மேலும், முன்பு பாதியில் விட்டிருக்கக்கூடிய பலரும் பதினோராம் வகுப்பு வரை வந்து, கல்லூரிச் சேர்க்கைக்கான ஏ.சி.டி. தேர்வை எழுதியும் அதன் சராசரி சரியவில்லை என்று 2014 ஆய்வு காட்டியது. ஆசிரியர்கள் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போட்டிருந்தால், வெளியார் நடத்தும் அந்தத் தேர்வில் குட்டு உடைந்திருக்கும்.

பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஊட்டிவிட்டால் பொறுப்பு எப்போது வரும் என்று கேட்பவர்களும் உண்டு. பெயிலாக்கினால் பொறுப்பு வரும் என்றால், முந்தைய சிகாகோவில் அது பொங்கி வழிந்திருக்க வேண்டுமே!

இப்போது எழும் கேள்வி வேறு. கொரோனாவுக்குப் பிறகு சிகாகோவில் படிப்பை முடிப்போர் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டார்கள். அதே காலத்தில், பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராதவர்கள் 40 சதவீதத்தைத் தாண்டினார்கள். வருகையும் தேர்ச்சியும் சேர்ந்தே நடக்கும் என்பதுதான் இந்த முயற்சி முழுவதற்கும் அடித்தளம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும்போது, புதிய சான்றிதழ்களை நம்பும் முன் அவற்றைப் பெற்றவர்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரை நிலைக்கிறார்களா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.