கேமரா பையில் சட்டத்துக்கும் ஓர் அறை

திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளையும் ஏறி உச்சிப் பிள்ளையார் சந்நிதி அருகே நின்று வடக்கே பார்த்தால், காவிரிக்கு அப்பால் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் தெரியும். மொத்தம் 21. அவற்றில் 236 அடி உயர ராஜகோபுரம் தனித்து நிற்கும். இந்த ஒரு காட்சிக்காகவே சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் நாலைந்து நண்பர்களாகச் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வார இறுதியில் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பி வருகிறார்கள்.

கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, லென்ஸ் துடைக்கும் துணி, மழை உறை, பவர் பேங்க் எல்லாம் பட்டியல் போட்டு எடுத்து வைக்கப்படுகின்றன. தங்கும் அறை வாடகையில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு மணி நேரம் தேடுகிறார்கள். ஆனால் ஓர் அபராதம், ஒரு கேமரா திருட்டு, இன்சூரன்ஸ் கைவிட்ட ஒரு விபத்து, இவற்றில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும், அந்தச் சிக்கனம் முழுவதும் வீணாகிவிடும். வசதியாகப் பயணம் போகிறவர் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வார். எண்ணி எண்ணிச் செலவழிப்பவரால் முடியாது. அதனால்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவருக்கு அதிகம்.

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள்

செல்ஃப் டிரைவ் வாடகைக்கு முறையாகப் பதிவான காரின் நம்பர் பிளேட் கறுப்பு நிறத்தில், மஞ்சள் எழுத்துகளோடு இருக்கும். டிரைவரோடு வரும் டாக்சிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பலகை என்றால் அது சொந்த உபயோகத்துக்கான 'ஓன் போர்டு' வண்டி. அதை வாடகைக்கு விடச் சட்டத்தில் இடமில்லை.

ஆனாலும் குறைந்த வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் ஓன் போர்டு வண்டிகள்தான். மத்திய அரசின் 1989-ஆம் ஆண்டு வாடகைக் கார் திட்டப்படி உரிமம் பெற ஒரு நிறுவனத்திடம் குறைந்தது 50 கார்களாவது இருக்க வேண்டும். இரண்டு மூன்று கார்களை வைத்திருப்பவர்கள் அந்த வழிக்கே வருவதில்லை. வாடிக்கையாளருக்கு இதில் என்ன ஆபத்து? தனியார் உபயோக பாலிசியில் 'வாடகைக்கு விடக் கூடாது' என்ற நிபந்தனை இருக்கும். வண்டி மோதி நசுங்கினால் இன்சூரன்ஸ் நிறுவனம் கோரிக்கையை மறுத்துவிடலாம். பழுது பார்த்த பில்லை உரிமையாளர் ஓட்டியவரிடமே நீட்டுவார். முன்பணம் கொடுக்கும் முன் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வண்டி எந்த வகையில் பதிவானது, இன்சூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

சாவியை வாங்கிய உடனே வண்டியின் நான்கு பக்கத்தையும், மீட்டரையும், பெட்ரோல் முள்ளையும் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்தக் கீறல் நீங்கள் போட்டதுதான்" என்று டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டால் அந்த வீடியோதான் சாட்சி பேசும். லைசென்ஸ், ஆர்.சி. இரண்டும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ இருந்தால் போதும். சோதனையில் அவையும் செல்லும்.

கோயிலில் எதுவரை?

2022 டிசம்பரில், திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அறநிலையத்துறைக்கு உத்தரவிட்டது. கோயிலின் தூய்மையையும் வழிபடுவோரின் அமைதியையும் காப்பதே அதன் நோக்கம். ஸ்ரீரங்கம் அறநிலையத்துறை நிர்வாகத்தில் உள்ள கோயில். எந்தப் பிராகாரம் வரை படம் எடுக்கலாம், கட்டணம் உண்டா என்பதை வாசலில் உள்ள அறிவிப்பைப் பார்த்தும் அலுவலகத்தில் கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். மூலவர் சந்நிதியில் கேமராவைத் தூக்கவே கூடாது. செல்போனையோ கேமராவையோ பாதுகாப்பு அறையில் ஒப்படைத்தால் டோக்கன் இல்லாமல் நகராதீர்கள். அதற்கு முன் மெமரி கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது.

மலைக்கோட்டையின் பல்லவர் குடைவரைகளும், விராலிமலையை அடுத்த கொடும்பாளூர் மூவர் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி ஆகிய மூன்றைத் தவிர, தன் பாதுகாப்பில் உள்ள மற்ற சின்னங்களில் படம் எடுக்க 2018-இல் தொல்லியல் துறை அனுமதித்தது. கையில் கேமரா வைத்து எடுப்பவருக்கு அந்த அனுமதி போதும். டிரைபாட் நிறுத்தவோ வணிகப் படப்பிடிப்பு நடத்தவோ முன் அனுமதி தேவை. 2020-இல் திருச்சியிலேயே தொல்லியல் துறைக்குத் தனி வட்டம் உருவாக்கப்பட்டுவிட்டதால் அதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

ட்ரோன் ஆசை

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான பகுதியில் தனி அனுமதி இல்லாமல் 200 அடி உயரத்துக்கு மேல் பறக்கவிடக் கூடாது. ஸ்ரீரங்கம் ஏறத்தாழ அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. ராஜகோபுரமோ 236 அடி. அனுமதி வாங்காத ட்ரோன், விதியை மதித்துப் பறந்தால் கலசத்தின் உயரத்தைக்கூடத் தொட முடியாது. மலைக்கோட்டை விமான நிலையத்துக்கு இன்னும் நெருக்கம் என்பதால் கட்டுப்பாடும் அதிகம். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

துப்பாக்கித் தொழிற்சாலை, எச்.ஏ.பி.பி. போன்ற பாதுகாப்புத் துறை வளாகங்களின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். அங்கே 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டம் குறுக்கே வரும்.

படித்துறையில் நிற்பவர்கள்

அம்மா மண்டபம் படித்துறையில் விடியற்காலை வெளிச்சம் அழகு. ஆனால் அங்கே இருப்பவர்கள் நீராடுபவர்களும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுப்பவர்களும்தான். ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும்படி அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். பொது இடம்தானே என்ற வாதம் எடுபடாது. "பாட்டி, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்று கை அசைத்தால் நகர்ந்துவிடுங்கள்.

காவிரியையும் கொள்ளிடத்தையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், 1928-இல் கட்டிய கொள்ளிடம் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களிலேயே முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழைய கட்டடங்களும் அப்படித்தான். 2023 ஆகஸ்டில் ஸ்ரீரங்கம் கிழக்குக் கோபுரத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நள்ளிரவு தாண்டிய நேரம் என்பதால் யாருக்கும் காயமில்லை. தடுப்புக் கட்டிய இடத்தில் 'ஆங்கிள்' தேடிப் போகாதீர்கள். தண்டவாளத்தில் இறங்கி நின்று படம் எடுத்தால் ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ உண்டு.

சிக்கல் வந்தால் யாரிடம் போவது?

தனியார் காவலாளி வெளியே போகச் சொல்லலாம், போலீசை அழைக்கலாம். கேமராவைப் பிடுங்கவோ படங்களை அழிக்க வைக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. குற்றத்தோடு தொடர்புள்ளது என்று சந்தேகித்தால் போலீஸ் கைப்பற்றலாம். ஆனால் அதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். கைப்பற்றிய பொருள்களின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கேமராவைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

கேமரா திருடு போனால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. பாடியிலும் லென்ஸிலும் உள்ள சீரியல் எண்ணையும் வாங்கிய பில்லையும் முன்பே படம் பிடித்து வைத்திருந்தால் புகாருக்கு வலு கூடும். செல்போன் என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் முடக்கிவிடலாம்.

டெபாசிட்டைத் தராத வாடகை நிறுவனம், படத்தில் காட்டிய அறையைத் தராத விடுதி போன்ற புகார்களுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. சாலை விபத்தில் சிக்கினால் 'இன்னுயிர் காப்போம்' திட்டப்படி, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். வெளி மாநிலத்தவருக்கும் இது பொருந்தும்.

கிளம்பும் முந்தின இரவு பேட்டரியை சார்ஜில் போட்டுவிட்டு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சீரியல் எண், பில், வண்டியின் ஆர்.சி., அறை முன்பதிவு ஆகியவற்றின் படங்களை வீட்டில் உள்ள ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு 112, ஆம்புலன்சுக்கு 108, நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆன்லைன் பண மோசடிக்கு 1930. இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி கேமரா பையின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டுப் புறப்படுங்கள்.